அன்பளிப்பு அண்ணனும் மேல்மாடிக் கூரையும்

கொழும்பு பதின்மூன்றில் ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்ற எந்தப் பொருளும் அன்பளிப்பு அண்ணனின் பிரஷ்ஷுக்குத் தப்பியதில்லை. நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் கொட்டாஞ்சேனையில் எங்கள் பாடசாலைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். கதிரையின் முதுகில் ஒரு பெயர் இருக்கும். அதே கதிரையின் காலில் இன்னொரு பெயர் இருக்கும், ஏனென்றால் கால் முறிந்தபோது புதுக்கால் போட்டுக் கொடுத்தவர் வேறு ஆள். குப்பை வாளியில் பெயர். கூட்டுகிற தும்புத்தடியில் பெயர். வாசலில் படுத்திருந்த நாயைக்கூட ஒருநாள் அவர் யோசனையோடு பார்த்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். நல்லகாலம், நாய் எழும்பிப் போய்விட்டது.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களில் ஒருத்தருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அதிபர் முதல் ஓட்டோக்காரர் வரை எல்லாருக்கும் அவர் அன்பளிப்பு அண்ணன்தான்.

போர்ட் எழுதுவது தொழில். ஹட்டன் பக்கத்தில் பிறந்து, மீசை முளைக்கிற வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்து, சலூனுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் ஓட்டோவுக்கும் எழுதிச் சீவித்தவர். ஆனால் உயிர் எங்கள் பாடசாலையில்தான். அவருடைய மகள் படித்த இடம். மகள் படித்து முடித்து, கலியாணம் கட்டி ஹெந்தளைக்குப் போன பிறகும் மனுஷன் வருவதை நிறுத்தவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் ‘அன்பளிப்பு’ என்று போட்டு, கீழே கொடுத்தவர் பெயரை எழுதுவது அவர் பொறுப்பு. கூலி வாங்கமாட்டார். ஒரு பிளேன்டீயும் மீன் அடைத்த ஒரு மாலு பானும் போதும்.

“பேரில்லாத பொருள் அநாதைங்க தங்கச்சி,” என்பார் என்னிடம். “ஒடைஞ்சாலும் காணாமப் போனாலும் ஏன்னு கேக்க ஒரு ஆளு வராது.”

நான் யார் என்று சொல்லவில்லையே. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், தெரிவு நடந்த கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். என் மகள் அப்போது தரம் எட்டு. மேல்மாடியில் வகுப்பு.

ஒருமுறை நகைக்கடைக் குடும்பம் ஒன்று மண்டபத்துக்கு ஒரு ஃபேன் கொடுத்தது. அண்ணன் ஒரு தகட்டில் அப்பா பெயர், அடுத்ததில் அம்மா பெயர், மூன்றாவதில் மகன் பெயர் என்று அழகாக எழுதி மாட்டினார். ஃபேன் சுற்றத் தொடங்கியது, ஒரு பெயரும் தெரியவில்லை. குடும்பம் முகத்தைத் தொங்கப்போட்டது.

“அதுக்கு என்னாங்க, நீங்க வர்ற நேரத்துல நிப்பாட்டிருவோம்,” என்றார் அண்ணன்.

சொன்ன சொல் தவறவில்லை. பரிசளிப்பு விழாவில் மண்டபத்து ஃபேன் எல்லாம் சுற்ற, அந்தக் குடும்பத்தின் தலைக்கு மேலே இருந்த ஃபேன் மட்டும் நின்றது. வேர்த்து ஒழுகிக்கொண்டு, நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டு, மூன்று பேரும் அடிக்கடி அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

இன்னொருவர், காலமான தகப்பனின் நினைவாக மலசலகூடத்துக்குப் புதுக் கதவு போட்டுக் கொடுத்தார். அண்ணன் விடுவாரா? பெரியவரின் முழுப் பெயர், தோற்றம், மறைவு எல்லாம் கதவில் ஏறின. அடுத்த நாளிலிருந்து பொடியன்கள் கதவைத் தட்டி, “தாத்தா உள்ளுக்கு இருக்கிறாரா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். “இருக்கிறார், பொறடா!” என்று உள்ளே இருந்து பதில் வரும். திவசத்தன்று பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுக்க வந்த மகன் இதைக் கேட்டு, பணிஸ் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

இவையெல்லாம் மற்றவர்கள் கொடுத்தவை. ஆனால் உண்மையில் பாடசாலைச் சாமான்களில் முக்கால்வாசி அரசாங்க லொறியில் வந்தவைதான். மேசை, கதிரை, அலுமாரி, விஞ்ஞான கூடத்துச் சாமான், ஏன், கட்டடமே அரசாங்கம் கட்டியது. அவற்றோடு யாருடைய பெயரும் வராது. இதுதான் அண்ணனுக்குப் பொறுக்காது.

“பாவங்க. யாருமே இல்லாம வந்து எறங்கிருக்கு.”

“அண்ணே, அது கவர்மென்ட் தந்தது.”

“கவர்மென்ட்டுன்னா யாரு தங்கச்சி? ஒரு மூஞ்சி வேணாமா?”

மூஞ்சியை அவரே தேடிக் கண்டுபிடிப்பார். மேசைகளை ஒரு கீறல் விழாமல் இறக்கிய லொறி டிரைவர் நல்ல மனுஷன் என்று பன்னிரண்டு மேசையில் அந்த டிரைவரின் பெயரை எழுதினார். கதிரைகளுக்கு ஆணி முடுக்கத் திருப்புளி இரவல் கொடுத்த ஹாட்வெயார் முதலாளியின் பெயர் இரண்டு வகுப்புக் கதிரைகளில் ஏறியது. பிரதம விருந்தினராக வந்து ரிப்பன் வெட்டிய ஒருவருக்கு மேல்மாடிக் கட்டடமே அன்பளிப்பாயிற்று. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற குற்றத்துக்காக ஒரு பெரிய இரும்பு அலுமாரியில் என் பெயரும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் மேல்மாடிக் கூரை போனது. ஒரு பெரிய மழைக்கு ஐந்து தகடு உடைந்து, தரம் எட்டுப் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு சமயபாடம் படித்தார்கள். அதிபர் சேர் கல்விக் கந்தோருக்கு எழுதினார். நாட்டிலே காசில்லாத காலம். எல்லாவற்றையும் வெட்டிக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் திருத்த வேலைப் பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது. ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வந்த நாள் பார்த்து அதிபர் பரீட்சைக் கடமைக்குப் போயிருந்தார். உத்தியோகத்தர் ஒரு சிங்கள மனுஷன், அதிகம் கதைக்கமாட்டார், கையில் ஒரு ஃபைல். சுற்றிக் காட்டும் பொறுப்பை அன்பளிப்பு அண்ணன் ஏற்றுக்கொண்டார். அவரைத் தடுக்க யாரால் முடியும்?

“மேக கவுத துன்னே?” என்று கேட்பார் உத்தியோகத்தர். இதை யார் தந்தது என்று அர்த்தம். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெயரை வாசித்து, கொடுத்தவரின் குணம், குடும்பம் எல்லாவற்றையும் தெருச் சிங்களத்தில் விளக்குவார். மேசை, கதிரை, அலுமாரி, கடைசியில் கட்டடம். “ஹரிம லஸ்ஸனய்,” என்றார் உத்தியோகத்தர், மிக அழகாக இருக்கிறதாம். ஃபைலில் எழுதிக்கொண்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பின்னாலே போனேன். அலுமாரி வந்த இடத்தில் கொஞ்சம் முன்னுக்கும் போனேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தங்கள் பாடசாலைக்குத் தாராளமான நலன்விரும்பிகள் இருப்பது நேரில் கண்டறியப்பட்டதாம். ஆகவே கூரைக்கான நிதி, அப்படி யாரும் இல்லாத வேறொரு பாடசாலைக்கு மாற்றப்படுகிறதாம். கூரை திருத்தப்படும் வரை மேல்மாடியைப் பாவிக்கக்கூடாது. அடுத்த தவணைக்குள் திருத்த முடியாவிட்டால் தரம் ஆறு முதல் ஒன்பது வரையான பிள்ளைகளை வேறு பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும்.

எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், செட்டியார் தெருக் கடைகளில் நிற்கிறவர்கள். தாய்மார் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்துப் பாடசாலைகளில் இடம் இல்லை. வெள்ளவத்தைப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு தாய் என்னிடம் நேராகவே சொன்னார்: “அவ்வளவு தூரம்னா புள்ளைய நிப்பாட்டிருவோம் மிஸ். வேற வழி இல்ல.”

அவசரக் கூட்டம் போட்டோம். லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரை, லண்டன் ஐயா என்போம், அதிபர் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

“ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, முழுக் கூரையையும் நான் போட்டுத்தாறன்,” என்றார் லண்டன் ஐயா. “ஒரேயொரு விருப்பம். கூரைக்கு மேல அப்பா அம்மான்ர பெயர் வரவேணும். ப்ளேனில போற ஆக்களுக்கும் தெரியிற அளவில.”

எல்லாரும் கை தட்டினோம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வாழ்நாளிலேயே அவ்வளவு பெரிய எழுத்து எழுத அண்ணனுக்கும் சந்தர்ப்பம் கிடைத்திராது. அதிபர் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார்.

“நான் எழுதமாட்டேன் சேர்,” என்றார் அன்பளிப்பு அண்ணன்.

“ஹலோ, லைன் கட் ஆகிட்டுதோ?” என்றார் லண்டன் ஐயா.

“ஐயா தங்கமான மனுசன். அவரு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இந்தக் கூரைய அவரு போட்டுட்டாருன்னா, நாளைக்குச் செவுரு விழுந்தா ஆபீஸர் என்னா எழுதுவாரு? கூரையவே போட்டவங்க செவுரைப் போடமாட்டாங்களான்னு எழுதுவாரு. ஐயாவுக்கு அங்க ஒரு காய்ச்ச வந்தா இங்க புள்ளைங்க நனையணுமா?”

எனக்கு வந்ததே கோபம்! “அண்ணே, இந்தக் கோலமே உங்களாலதானே! லொறி டிரைவர் மேசை குடுத்தவர் எண்டு எழுதினது ஆர்? இப்ப நியாயம் கதைக்கிறீங்களா?” என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விரலில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். “ஆமா தங்கச்சி, என்னாலதான். ரெண்டு நாளா சோறு எறங்கல. அதனாலதான் சொல்றேன். நான் வாங்குற பெயின்ட் டின்னுல வரி இருக்கு. டீத்தூள்ல இருக்கு, சோப்புல இருக்கு. மேல படிக்கிற ஒவ்வொரு புள்ளையோட அப்பனும் ஆத்தாளும் அதக் கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. கவர்மென்ட் தர்றது அன்பளிப்பு இல்லீங்க, நம்மளோடது. நம்ம கேக்காம விட்டுட்டா வர்றதும் நின்னு போயிரும். எனக்கு இந்த ஸ்கூல் லீவ மட்டும் குடுங்க. நான் எழுதுன தப்ப நானே அழிச்சுத் தாரேன்.”

போனிலிருந்து, “அந்தாள் சொல்லுறதில ஒரு விசயம் இருக்கு. நான் பொறுக்கிறன்,” என்று லண்டன் ஐயாவின் குரல் வந்தது.

தவணை விடுமுறை முழுக்க நடந்தது அந்த வேலை. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஒழுங்காக இருந்தது. அதை வாசிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் வரவில்லை. நான் வாசிப்பேன், அண்ணன் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவார்: ‘அரசாங்கம் தந்தது. எங்கள் வரிப்பணம்.’ நிஜமாகவே யாராவது கொடுத்திருந்தால் அந்தப் பெயரைத் தொடமாட்டார். தாத்தா கதவிலேயே இருந்தார்.

ஹாட்வெயார் முதலாளி இரண்டாம் நாளே விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார்.

“என்ர பெயர் எங்க?”

“அந்தக் கதிரைய நீங்க குடுக்கலயே முதலாளி,” என்றார் அண்ணன்.

“குடுக்கேல்லத்தான்! ஆனா ஆறு வருசமாப் பெயர் இருந்ததே! மருமகனுக்கெல்லாம் காட்டிப்போட்டன். இப்ப அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

கடைசியில் அவர் தானே ஒரு கதிரையைக் கொண்டுவந்து இறக்கி, அதில் பெயர் எழுதும் வரை பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். என் அம்மா மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “இருந்த ஒரு பெயரையும் அழிக்க விட்டுட்டு நிக்கிறியே,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் அதோடு நின்றாரா? இல்லை. இருக்கிற பொருளுக்கு எழுதி முடிந்ததும் இல்லாத பொருளுக்கு எழுதத் தொடங்கினார். கூரை உடைந்த இடத்தில் கயிறு கட்டி ஒரு பலகை தொங்கியது: ‘இங்கே இருக்க வேண்டியது: கூரைத் தகடு ஐந்து. தர வேண்டியது: அரசாங்கம்.’ வெறும் தட்டாகக் கிடந்த விஞ்ஞான கூடத்து அலுமாரியில் ஒரு பலகை. ஆசிரியர் அறையில் ஒரு கதிரைக்கு மேலே, ‘இங்கே இருக்க வேண்டியது: கணித ஆசிரியர்.’ ஒருநாள் நான் அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். நான் பதிவேடு வாசிக்கிற மேசையில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது: ‘இங்கே இருக்க வேண்டியது: செயலாளர்.’

அதிபரும் நானும் கல்விக் கந்தோருக்கு நாலு தரம் நடந்து அந்த உத்தியோகத்தரைத் திரும்பவும் கூட்டிவந்தோம். மனுஷன் மேசை மேசையாகப் பார்த்தார். குனிந்து, சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: “போன தடவை இதில் வேறு பெயர் இருந்ததே? என் கடிதம் வந்த பிறகா மாற்றினீர்கள்?”

வெளியே இருந்து பார்த்தால் காசு வாங்குவதற்காக நாங்கள் செய்த கள்ளவேலை போலத்தான் தெரியும்.

அன்பளிப்பு அண்ணன் முன்னால் வந்தார். “வெரத்த மகே, சேர்.” பிழை என்னுடையது என்றார். பாடசாலையின் பிழை ஒன்றும் இல்லை என்றார். பொருட்பதிவேட்டைத் திறந்து, கந்தோர் முத்திரை குத்திய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து, திருப்புளி, ரிப்பன், ஏணி எல்லாவற்றையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிமுடித்தார். லொறி டிரைவர் கட்டம் வந்தபோது உத்தியோகத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்த டிரைவர் எங்கள் கந்தோர் ஆள்தான்,” என்றார். “பன்னிரண்டு மேசை தானம் செய்ய அவனுக்கு எங்கேயிருந்து சல்லி வந்தது என்று ரெண்டு மாதமாக அவனை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

பேனாவை எடுத்தார். எழுத முன்னம் அண்ணன் அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “சேர், எங்க கூரைக் காச மாத்தினதா சொன்ன அந்த மத்த ஸ்கூல் இருக்கே, அவங்களுக்கு வெட்டிப்புட்டு எங்களுக்குத் தராதீங்க. அங்கயும் புள்ளைங்கதான் இருக்காங்க.”

உத்தியோகத்தர் ஃபைலில் இன்னொரு தாளை எடுத்தார். ரெண்டுக்கும் எழுதுகிறேன் என்றார். எழுதினார்.

உடனே கூரை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அரசாங்கக் கூரை அரசாங்க வேகத்தில்தான் வரும். எழுத்தில் வாக்குறுதி இருந்ததால் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் பேச்சு நின்றது. இரண்டு தவணை மண்டபத்தில் நெருக்கி இருந்து படித்தார்கள். அடுத்த வருஷம் லொறியில் தகடு வந்தது, ஆட்கள் வந்தார்கள், கூரை ஏறியது. நிப்பாட்டிவிடுவோம் என்று சொன்ன அந்தத் தாயின் பிள்ளை என் மகளோடுதான் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு பிள்ளைகூட விலகவில்லை. லண்டன் ஐயா, தான் போட இருந்த கூரைக்குப் பதிலாக நூலகத்துக்குப் புத்தகங்கள் அனுப்பினார்.

அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மகள் வந்து ஹெந்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி மனுஷன் ஓய்ந்திருப்பார் என்று நினைத்தோம். போன மாரியில் முதல் மழை கொட்டிய அன்று நான் பாடசாலைக்குப் போனால், மேல்மாடி வராந்தாவில் சொட்டச் சொட்ட நனைந்துபோய் ஓர் ஆள் நிற்கிறார். தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு.

“அண்ணே! இந்த மழையில ஹெந்தளையில இருந்து பஸ் ஏறியா வந்தனீங்கள்?”

“மழை பேஞ்சாத்தானே தங்கச்சி தெரியும், ஒழுகுதா இல்லையான்னு,” என்றார். “கண்ணுதான் மங்கிருச்சு. நீங்க கொஞ்சம் பாருங்க. புள்ளைங்க எழுதுற கொப்பி நனையுதா?”

“இல்லை அண்ணே. ஒரு துளி இல்லை.”

“அப்ப சரி,” என்று அந்த ஈரத்தோடேயே பஸ்ஸுக்குப் போனார். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருமழைக்கும் வருகிறார். மகள் ஏசிப் பார்த்துவிட்டாள், அதிபர் போனில் சொல்லிப் பார்த்துவிட்டார், கேட்கிற ஆளா அவர்? அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், இப்போது நான் ரெண்டு குடை எடுத்துக்கொண்டு ஹெந்தளை பஸ் வந்து நிற்கிற ஹோல்ட்டுக்குப் போய் நிற்கிறேன்.